ஒரே வெயில், ரெண்டு பீர்

மே மாசம் ராத்திரி அரைச்சு வச்ச இட்லி மாவு, காலையில மூடியைத் தள்ளிக்கிட்டு வெளிய வழிஞ்சு நிக்கும். டிசம்பர்ல அதே அரிசி, அதே உளுந்து, அதே கிரைண்டர். ஆனா விடிஞ்ச பிறகும் மாவு வச்ச இடத்துல அசையாம கிடக்கும். என்ன மாறிச்சு? வெப்பநிலை மட்டும்தான்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டா, பீர் தொழிற்சாலைக்குள்ள நடக்கிற பாதிக் கதை புரிஞ்சிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை. சின்னச் சின்ன பேட்ச்சா பரிசோதனை பண்ற கிராஃப்ட் ப்ரூவரிகள்ல ரெண்டு வகை பீர் பத்தி அடிக்கடி பேசுவாங்க. ஒண்ணு லாகர். இன்னொண்ணு சோர், அதாவது வேணும்னே புளிக்க வச்ச பீர். ரெண்டும் எதிரெதிர் துருவம். ஒண்ணுக்குக் குளிர் வேணும், இன்னொண்ணுக்குச் சூடு வேணும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. இது குடிக்கச் சொல்ற கட்டுரை இல்ல. தமிழ்நாட்டுல 21 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு மது விக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாம வீட்லயோ ஹாஸ்டல்லயோ மது தயாரிக்கிறது எந்த வயசிலயும் குற்றம். நாம பார்க்கப் போறது டம்ளரை இல்ல, டேங்க்கை.

திருவாலங்காட்டில் ஒரு கற்பனை ப்ரூவரி

என் ஊர் திருவாலங்காடு. சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில வர்ற ஊர். நடராஜரின் ஐந்து சபைகள்ல ரத்தின சபை இங்கதான் இருக்கு. காரைக்கால் அம்மையார் கடைசியா வந்து சேர்ந்த தலம்னு சொல்வாங்க. திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலையும் எங்க ஊர்லதான் இருக்கு. இது எல்லாத்தையும் விட டிவி பார்க்கறவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் உண்டு: கோடை வந்தா வானிலைச் செய்தியில "திருத்தணியில் 40 டிகிரியைத் தாண்டியது" என்று ஒரு வரி தவறாம வரும்.

அதனால ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். இந்த வெயில்ல 1000 லிட்டர் டேங்க் ஒண்ணு வச்சு லாகரும் சோரும் செய்யணும்னா என்ன ஆகும்? கவனிங்க, இது கணக்குக்கு மட்டும். தமிழ்நாட்டுல மது சில்லறை விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக் கையில இருக்கு. பப்லயே தயாரிச்சு அங்கேயே ஊத்திக் கொடுக்கிற மைக்ரோப்ரூவரி பழக்கம் இங்க வளரல. 2009-ல புனேயில டூலாலி, 2011-ல பெங்களூருல தி பியர் கிளப் என்று இந்தியாவில் அது வேற ஊர்கள்லதான் வேர் பிடிச்சுது.

பீர் எப்படி உருவாகுது: சுருக்கமா

பார்லியை ஊற வச்சு, முளைகட்ட வச்சு, காய வச்சா அது மால்ட். முளை கட்டும்போது பார்லிக்குள்ள அமைலேஸ் என்ற என்சைம்கள் உருவாகின்றன. மால்ட்டை உடைச்சு, 62 முதல் 70 டிகிரி வரை உள்ள வெந்நீர்ல ஒரு மணி நேரம் வச்சா, இந்த என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையா வெட்டும். வடிகட்டினா இனிப்பான ஒரு சாறு கிடைக்கும். அதுக்குப் பேர் வோர்ட். அதை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோட சேர்த்துக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, ஈஸ்ட் போடணும். ஈஸ்ட் சர்க்கரையைச் சாப்பிட்டு எத்தனாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடும். கெமிஸ்ட்ரி கணக்குப்படி 180 கிராம் குளுக்கோஸ் 92 கிராம் எத்தனாலாகவும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறும்.

எவ்வளவு ஆல்கஹால் உருவாச்சுன்னு எப்படித் தெரியும்? அடர்த்தியை அளந்து. சர்க்கரை கரைஞ்ச வோர்ட்டின் ஒப்படர்த்தி ஆரம்பத்தில 1.048, முடிவில 1.010-ன்னு வச்சுக்குங்க. வித்தியாசம் 0.038. அதை 131.25-ஆல பெருக்குங்க. ஏறக்குறைய 5 சதவீதம். ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு பெருக்கல். அவ்வளவுதான்.

இதுவரைக்கும் எல்லா பீருக்கும் கதை ஒண்ணுதான். ஈஸ்ட் போடற நேரத்துல டேங்க் எத்தனை டிகிரியில இருக்குங்கிறதுலதான் பாதை பிரியுது.

லாகர்: குளிர்ல உழைக்கிற ஈஸ்ட்

"லாகர்ன்" என்றால் ஜெர்மன் மொழியில் சேமித்து வைப்பது. குளிர்ந்த குகைகள்ல மாசக்கணக்கா வச்சிருந்ததால இந்தப் பேர். ஏல் வகை பீர் சுமார் 18 முதல் 22 டிகிரியில புளிக்கும். லாகர் 8 முதல் 13 டிகிரிக்குள்ள. அதுக்கப்புறம் பூஜ்யத்துக்கு மேல ஒண்ணு ரெண்டு டிகிரியில பல வாரம் தூங்க விடணும்.

இந்தக் குளிர்ல வேலை செய்யறது சாதாரண ஈஸ்ட் இல்ல. பேர் சாக்கரோமைசஸ் பாஸ்டோரியானஸ். இது ஒரு கலப்பினம். ஒரு பெற்றோர், ரொட்டிக்கும் ஏலுக்கும் பயன்படற சாக்கரோமைசஸ் செரவிசியே. இன்னொரு பெற்றோர் யாருன்னு ரொம்ப நாள் தெரியாம இருந்துது. 2011-லதான் தென் அமெரிக்காவின் படகோனியா காடுகள்ல அதைக் கண்டுபிடிச்சாங்க: சாக்கரோமைசஸ் யூபயானஸ். குளிரைத் தாங்கும் குணம் இந்தப் பக்கத்து வழி வந்தது.

1842-ல ஜோசப் க்ரோல் என்பவர் இன்றைய செக் நாட்டில் இருக்கும் பில்சென் நகரத்துல தங்க நிறத்துல ஒரு லாகர் செஞ்சார். இன்னைக்கு உலகத்துல அதிகமா விக்கிற பீர் எல்லாம் அந்த பில்ஸ்னரின் பேரப்பிள்ளைகள்தான். அதே காலத்துல மெட்ராஸ்ல என்ன நடந்துதுன்னு பாருங்க. அமெரிக்காவிலிருந்து கப்பல்ல வந்து இறங்கின ஐஸ் கட்டிகளைச் சேமிக்க மெரினா ஓரமா ஒரு கட்டடம் கட்டினாங்க. நாம ஐஸ் ஹவுஸ்னு சொல்றோமே, இன்னைக்கு விவேகானந்தர் இல்லமா இருக்கே, அதேதான். குளிர் அப்போ கப்பல்ல ஏத்திட்டு வர வேண்டிய சரக்கு.

அந்த நிலையை மாத்தினவர் கார்ல் வான் லிண்டே. 1870-களில் அவர் உருவாக்கின குளிர்பதன இயந்திரத்துக்கு ஆரம்ப ஆதரவு கொடுத்தது ம்யூனிக்கின் ஸ்பாட்டன் ப்ரூவரி. நம்ம வீட்டு ஃப்ரிட்ஜோட வம்சாவளியைத் தேடிப் போனா, அங்க லாகர் நிக்கும்.

வெயிலோட விலை

இப்போ எங்க ஊர் டேங்க்குக்கு வாங்க. கொதிச்ச 1000 லிட்டர் வோர்ட்டை முதல்ல கிணத்துத் தண்ணியால ஆற வைக்கலாம். ஆனா கோடையில கிணத்துத் தண்ணியே 30 டிகிரி இருந்தா, வோர்ட் 32 டிகிரிக்குக் கீழ இறங்காது. அதுக்கு மேல சில்லர்தான் வேலை செய்யணும்.

லாகருக்கு 32-லிருந்து 10-க்கு இறக்கணும். 1000 கிலோ, 4.2 கிலோஜூல், 22 டிகிரி. பெருக்கினா 92 மெகாஜூல், ஏறக்குறைய 26 கிலோவாட்-அவர் வெப்பத்தை வெளிய எடுக்கணும். ஏலுக்கு 20 வரைக்கும் போனா போதும்; 14 கிலோவாட்-அவர். சோருக்கு? பாக்டீரியா கேக்கறதே 35 முதல் 45 டிகிரி. சில்லரோட வேலை அந்தக் கட்டத்துல பூஜ்யம்.

அதோட விஷயம் முடியல. புளிக்கறதே வெப்பம் வெளியிடற வினை. மேல சொன்ன அளவு வோர்ட்டைக் குளிர்விக்காம, வெப்பம் வெளிய போகாத மாதிரி மூடி வச்சா, புளிக்கிற வேகத்துலயே சுமார் 10 டிகிரி ஏறிடும். அதாவது லாகரா ஆரம்பிச்சது பாதி வழியில ஏல் வெப்பநிலைக்குப் போயிடும். அப்போ ஈஸ்ட் பழ வாசனை கொடுக்கிற எஸ்டர்களை அதிகமா விடும். ஏல்ல அது அழகு. லாகர்ல அது பிழை.

தெர்மோடைனமிக்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இன்னொரு இடியும் இருக்கு. சில்லரோட குளிர்ப் பக்கம் மைனஸ் 5 டிகிரின்னு வைங்க. வெளிய 25 டிகிரி இருந்தா கண்டென்சர் 35-ல ஓடும். கார்னோ எல்லை சுமார் 6.7. வெளிய 40 இருந்தா கண்டென்சர் 50-ல ஓடும், எல்லை 4.9-க்கு இறங்கிடும். எந்த நாள்ல குளிர் அதிகமா வேணுமோ, அந்த நாள்லதான் மெஷின் திறன் குறைஞ்சு நிக்குது. கார்னோவுக்குத் திருத்தணி மேல கோபம் எதுவும் இல்ல, அவர் எல்லாருக்கும் இப்படித்தான்.

இதை விடப் பெரிய செலவு ஒண்ணு இருக்கு. நேரம். ஒரு ஏல் டேங்க்கை ரெண்டு வாரம் பிடிச்சுக்கும்னா, வருஷத்துக்கு 26 பேட்ச். லாகர் ஆறு வாரம் பிடிச்சுக்கும். வருஷத்துக்கு 8 பேட்ச்தான். டேங்க் அதேதான், வாடகை அதேதான். சின்ன ப்ரூவரிகள் பலதும் கோதுமை ஏல் பக்கம் சாய்றதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். பெரிய கம்பெனிகள் லாகரைச் சாதாரண விஷயமா ஆக்கிட்டதால அது சுலபம்னு நினைக்கிறோம். உண்மையில அது மறைக்க இடமே இல்லாத பீர். ஹாப்ஸ் கசப்பும் பழ வாசனையும் குறைவா இருக்கிறதால சின்னத் தப்பும் மேல வந்து நிக்கும்.

அப்படி ஒரு தப்புக்கு உதாரணம் டைஅசிட்டைல். பாப்கார்ன்ல வெண்ணெய் வாசனை வருமே, அந்த மூலக்கூறு. பத்து லட்சத்துல 0.1 பங்கு இருந்தாலே பலருக்கு மூக்கில தெரிஞ்சிடும். ஈஸ்ட்டே அது உருவாகக் காரணம், ஈஸ்ட்டே அதைத் திரும்பச் சாப்பிட்டும் விடும். ஆனா குளிர்ல ரொம்ப மெதுவா. அதனால லாகர் முடியப் போற சமயத்துல ரெண்டு மூணு நாள் 15 டிகிரிக்கு மேல ஏத்தி விடுவாங்க. ஈஸ்ட் சுறுசுறுப்பாகி தன் குப்பையைத் தானே அள்ளிடும். அதுக்கப்புறம்தான் குளிர்த் தூக்கம்.

சோர்: பாக்டீரியாவுக்கு அழைப்பிதழ்

லாகர் செய்யறவங்க பாக்டீரியான்னு கேட்டாலே ஓடுவாங்க. சோர் செய்யறவங்க பத்திரிகை வச்சுக் கூப்பிடுவாங்க. ஆனா யாரைக் கூப்பிடறோம், எவ்வளவு நேரம் தங்க விடறோம்ங்கிறதுல ரெண்டு வழி இருக்கு. ரெண்டுமே நம்ம சமையலறையில உண்டு.

முதல் வழி, இட்லி மாவு வழி. மாவுக்கு நாம தனியா எதுவும் சேர்க்கிறதில்ல. உளுந்தோடும் அரிசியோடும் வர்ற லூக்கோனோஸ்டாக் மாதிரியான லாக்டிக் பாக்டீரியாக்களே புளிப்பையும் பொங்கலையும் கொடுத்துடும். பெல்ஜியத்துல ப்ரஸ்ஸல்ஸ் சுத்துவட்டாரத்துல செய்யற லாம்பிக் பீர் இப்படித்தான். சுடச்சுட வோர்ட்டை அகலமான ஒரு தட்டுத் தொட்டியில ராத்திரி முழுக்கத் திறந்து வைப்பாங்க. காத்துலயும் கட்டடத்துலயும் மரப் பீப்பாயிலயும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தானா வந்து குடியேறும். ஒரு வருஷத்திலிருந்து மூணு வருஷம் வரைக்கும் பீப்பாயில இருக்கும். கோடையில லாம்பிக் போடறதில்ல. சூட்டுல வேண்டாத விருந்தாளிகள் முந்திக்கும். அதனால இந்த வழி எங்க ஊர் வெயிலுக்கு ஒத்து வராது.

ரெண்டாவது வழி, தயிர் வழி. பாலைக் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆற வச்சு, உறை ஊத்தறோம். யார் வரணும்னு நாமளே முடிவு பண்றோம். கிராஃப்ட் ப்ரூவரிகள்ல கெட்டில் சோர்னு சொல்றது இதேதான். வோர்ட்டைக் கொதிக்க வச்சுக் கிருமிகளைக் கொன்னு, 40 டிகிரி பக்கம் ஆற வச்சு, லாக்டோபாசிலஸ் உறை ஊத்துவாங்க. ஒண்ணு ரெண்டு நாள்ல பிஎச் 5-க்கு மேல இருந்து 3.3 பக்கம் இறங்கிடும். அப்புறம் திரும்பக் கொதிக்க வச்சு பாக்டீரியாவுக்கு விடை கொடுத்துட்டு, ஆற வச்சு ஈஸ்ட் போடுவாங்க. சில்லர் வேலை போயிடல, ஒரு நாள் தள்ளிப் போயிருக்கு. கூடவே திரும்பக் கொதிக்க வைக்கிற எரிபொருள் செலவும் சேருது. வெயில் இலவசமா தர்றது அந்த நடுவுல உள்ள ஒண்ணு ரெண்டு நாளை மட்டும்தான்.

இதுல மூணு நுணுக்கம் இருக்கு. ஒண்ணு, ஹாப்ஸ். அதன் கசப்பு அமிலங்கள் லாக்டோபாசிலஸை வளர விடாது. அதனால புளிப்பு ஏறற வரைக்கும் ஹாப்ஸ் கிட்டத்தட்டக் கிடையாது. ரெண்டு, காத்து. ஆக்சிஜன் உள்ள போனாலும், ஆரம்பத்துல அமிலம் போதாம இருந்தாலும், வேற கிருமிகள் புகுந்து வாசனையைக் கெடுத்துடும்; அமிலம் போதாத வோர்ட்ல ப்யூட்டிரிக் அமிலம் உண்டாகலாம். அதன் வாசனை வாந்தி வாசனைதான், நாகரிகமா சொல்ல வேற வார்த்தை இல்ல. அதுக்காக மேல கார்பன் டை ஆக்சைடு போர்வை போட்டு, முதல்லயே கொஞ்சம் லாக்டிக் அமிலம் சேர்த்து பிஎச்சை 4.5-க்குக் கொண்டு வந்துடுவாங்க. மூணு, ஈஸ்ட். இவ்வளவு புளிப்புல அதுக்கும் சிரமம். வழக்கத்தை விட அதிகமா போடணும்.

ஜெர்மனியின் லைப்சிக் பக்கத்துல கோஸே என்று ஒரு புளிப்பு பீர். அதுல உப்பும் தனியாவும் போடுவாங்க. புளிப்பு, உப்பு, தனியா வாசனை. நம்ம நீர்மோர் வந்து கண்ணு முன்னாடி நிக்குதில்ல? புனேயின் கிரேட் ஸ்டேட் ஏல்வொர்க்ஸ் இதே பாணியில கோகம் பழமும் உப்பும் சேர்த்து ஒரு பீர் செஞ்சுது. கொங்கண் கரையில சமையலுக்குப் புளிப்பு கொடுக்கிற பழம் அது.

பதநீர்ப் பானையில் சுண்ணாம்பு

பிஎச் ஒரு லாகரிதம் அளவு. 4.5-லிருந்து 3.5-க்கு வந்தா ஒண்ணு குறைஞ்ச மாதிரி தெரியும்; ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு ஏறியிருக்கும். இந்த அளவை உருவாக்கினதே ஒரு பீர் கம்பெனி ஆய்வகம்தான். 1909-ல கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்துல சோரன்சென் என்ற வேதியியலாளர். அதே ஆய்வகத்துல 1883-ல எமில் ஹான்சென் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து சுத்தமான கல்ச்சர் வளர்த்துக் காட்டினார். லாகர் ஒவ்வொரு தடவையும் ஒரே ருசியில வர முடிஞ்சது அதுக்கப்புறம்தான்.

இங்க பனைமரம் ஏறினவங்க இந்த அளவு இல்லாமலேயே அதே வேலையைச் செஞ்சாங்க. பானைக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதநீர். தடவலன்னா சில மணி நேரத்துலயே கள். சுண்ணாம்பு பிஎச்சை மேல தூக்கி வச்சிடறதால ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தலை தூக்க முடியறதில்ல. மரம் ஒண்ணு, பாளை ஒண்ணு; வித்தியாசம் ஒரு கைச் சுண்ணாம்பு. கள் இறக்க தமிழ்நாட்டுல 1987-லிருந்து தடை. நுண்ணுயிரியல் கண்ணோட பார்த்தா கள்ளும் ஒரு தன்னிச்சையான சோர்தான்: சர்க்கரைச் சாறு, காத்துல வந்த ஈஸ்ட், லாக்டிக் பாக்டீரியா, நேரம் ஆக ஆக ஏறற புளிப்பு.

சின்ன பேட்ச் எதுக்கு?

1000 லிட்டர்ல ஒரு யோசனையை முயற்சி பண்ணி, அது கெட்டுப் போனா 1000 லிட்டரும் சாக்கடைக்குத்தான். அதனால 100 லிட்டர் வோர்ட்டை ஒரே தடவையில காய்ச்சி, 20 லிட்டரா அஞ்சு பாத்திரத்துல பிரிப்பாங்க. வோர்ட் ஒண்ணு, ஈஸ்ட் ஒண்ணு. ஒண்ணுல மாங்காய், ஒண்ணுல நெல்லிக்காய், ஒண்ணுல புளி, ஒண்ணுல கொடம்புளி, அஞ்சாவதுல எதுவும் இல்ல. எதுவும் இல்லாத அந்த அஞ்சாவதுதான் முக்கியம். அது கன்ட்ரோல். அது இல்லன்னா மத்த நாலும் கதைதான், பரிசோதனை இல்ல.

பழம் சேர்க்கும்போது கணக்கு தப்பினா ஆபத்தும் உண்டு. 100 லிட்டருக்கு 10 கிலோ பழுத்த மாம்பழக் கூழ் சேர்த்தா, லிட்டருக்குச் சுமார் 14 கிராம் சர்க்கரை கூடும். அது புளிச்சு முடியறதுக்கு முன்னாடி பாட்டிலை அடைச்சா, உள்ள மீதி புளிக்கும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை புளிச்சா, பீரோட அளவுக்குச் சமமான ஒரு மடங்கு கார்பன் டை ஆக்சைடு வாயு. சாதாரண பீர்ல இருக்கிறதே ரெண்டரை மடங்கு. அதோட இன்னும் மூணரை சேர்ந்தா கண்ணாடி தாங்காம வெடிக்கலாம். ஹைட்ரோமீட்டர் எண் நாலஞ்சு நாளா அசையாம நிக்குதான்னு பார்க்காம மூடி போடக் கூடாதுங்கறது ருசிக்கான விதி இல்ல, கைக்கும் கண்ணுக்குமான விதி.

சரி, அஞ்சு பாத்திரமும் தயார். எது உண்மையிலேயே வித்தியாசமா இருக்குன்னு எப்படி முடிவு பண்றது? "எனக்கு இது நல்லா இருக்கு மச்சி" என்பது டேட்டா இல்ல.

இங்கதான் நம்ம பழைய எதிரி வர்றார். ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட். மாணவர்களைக் கொடுமைப்படுத்த வச்ச பேர்னு நம்மில் பாதிப் பேர் நினைச்சுட்டிருக்கோம். உண்மையில "ஸ்டூடன்ட்" ஒரு புனைபெயர். சொந்தக்காரர் வில்லியம் கோசெட், டப்ளினில் கின்னஸ் ப்ரூவரியில 1899-ல வேலைக்குச் சேர்ந்தவர். பார்லி, ஹாப்ஸ் சோதனைகள்ல அவர் கையில இருந்தது நாலஞ்சு மாதிரிகள்தான். அன்றைய புள்ளியியலோ நூத்துக்கணக்குல மாதிரி கேட்டுச்சு. குறைஞ்ச மாதிரிகளை வச்சு எவ்வளவு தைரியமா முடிவு சொல்லலாம்னு அவர் 1908-ல எழுதினார். கம்பெனி சொந்தப் பேர்ல வெளியிட விடாததால "ஸ்டூடன்ட்"னு போட்டுக்கிட்டார். சின்ன பேட்ச் பிரச்னைதான் அந்த ஃபார்முலாவைப் பெத்தது.

ருசிக்கு இன்னும் எளிமையான ஒரு சோதனை இருக்கு: முக்கோணச் சோதனை. மூணு டம்ளர். ரெண்டுல ஒரே பானம், ஒண்ணுல வேற. எது வேறன்னு கண்டுபிடிக்கணும். சும்மா ஊகிச்சாலே மூணுல ஒரு வாய்ப்பு சரியா வரும். 12 பேர் ருசி பார்த்தா, குறைஞ்சது 8 பேராவது சரியா சொன்னாத்தான் "வித்தியாசம் இருக்கு"ன்னு 5 சதவீத அளவுல சொல்லலாம். 7 பேர் சொன்னா போதாது. பைனாமியல் போட்டுப் பாருங்க, 7 பேர் அல்லது அதுக்கு மேல ஊகத்துலயே சரியா சொல்ல 6.6 சதவீத வாய்ப்பு இருக்கு.

இதுக்கு பீர் தேவையே இல்ல. மெஸ் மோரையும் வீட்டு மோரையும் வச்சு உங்க கிளாஸ்லயே செஞ்சு பாருங்க. "எங்க அம்மா மோர் மாதிரி வராது"ன்னு சொல்றவன் கண்ணைக் கட்டினா எத்தனை தடவை சரியா சொல்றான்னு தெரிஞ்சிடும்.

20 லிட்டர்ல வந்தது 2000-ல வருமா?

ஜெயிச்ச பேட்ச்சை நூறு மடங்கு பெருசாக்கினா, கன அளவு 100 மடங்கு ஏறும். மேற்பரப்பு சுமார் 21.5 மடங்குதான் ஏறும். ஒரு லிட்டருக்குக் கிடைக்கிற சுவர் நாலரை மடங்குக்கும் மேல குறைஞ்சிடும். சின்னப் பாத்திரம் தன் சூட்டைத் தானே வெளிய தள்ளிடும். பெரிய டேங்க்குக்குச் சுத்திலும் கிளைகால் ஓடற ஜாக்கெட் வேணும். உயரமான டேங்க்ல கீழ இருக்கிற ஈஸ்ட் மேல அழுத்தம் அதிகம். அது எஸ்டர் விடறதும் குறையும். அதனால ருசியே மாறலாம். லேப்ல ஓடின கோட் ப்ரொடக்‌ஷன்ல படுத்துக்கற கதை இங்கயும் உண்டு.

இன்னொரு தலைவலி, லாகரும் சோரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கிறது. சோர்ல வேலை செஞ்ச ஒரு ரப்பர் கேஸ்கெட் லாகர் பக்கம் போனா, ஆறு வாரம் காத்திருந்த பேட்ச் புளிச்சிடலாம். காஸ்டிக் சோடா, அமிலம், பெராசெட்டிக் அமிலம்னு வரிசையாக் கழுவினாலும், பல ப்ரூவரிகள் ஹோஸ், கேஸ்கெட்டைத் தனித்தனியா வச்சுக்கும். கெட்டில் சோர் பிரபலமானதுக்கு ஒரு காரணம் இதுதான்: பாக்டீரியா கொதிகலன்லயே செத்துடும், புளிக்க வைக்கிற டேங்க் வரைக்கும் வராது.

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

நம்ம ஊர்ல "புளிக்க வைக்கிறது"ன்னா ரெண்டு படம்தான் மனசுல வரும். ஒண்ணு அம்மாவோட மாவுப் பாத்திரம். இன்னொண்ணு சாராயம். ஒண்ணு படிக்க வேண்டாத அளவுக்குச் சாதாரணம், இன்னொண்ணு பேசக் கூடாத அளவுக்குக் கெட்டது. நடுவுல இருக்கிற இன்ஜினியரிங் யார் கண்ணுலயும் படறதில்ல.

அது கண்ணுல பட்ட ஒருத்தரைச் சொல்றேன். கிரண் மஜும்தார் ஷா. அப்பா யுனைடெட் ப்ரூவரீஸ்ல தலைமை ப்ரூமாஸ்டர். மகள் ஆஸ்திரேலியாவின் பாலராட் போய் அதே படிப்பை 1975-ல முடிச்சுட்டு வந்தாங்க. பெண்ணுக்கு ப்ரூவரியில அந்த வேலை கொடுக்க இங்க யாரும் தயாரா இல்ல. 1978-ல பெங்களூருல பயோகான் ஆரம்பிச்சாங்க. முதல்ல செஞ்ச பொருட்கள்ல ஒண்ணு பப்பாளியிலிருந்து எடுக்கிற பப்பெயின். இன்னொண்ணு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற ஐசிங்லாஸ். ரெண்டுமே பீரைத் தெளிவாக்கப் பயன்படறவை. அந்தக் கம்பெனி பிற்பாடு ஈஸ்ட் வச்சு இன்சுலின் தயாரிச்சுது. வெப்பநிலை, பிஎச், ஆக்சிஜன், சுத்தம்: லாகர் டேங்க் கேக்கற அதே நாலு கேள்வியைத்தான் இன்சுலின் டேங்க்கும் கேக்குது.

கசப்பான பக்கத்தையும் மறைக்க வேண்டாம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில விஷச் சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்துப் போனாங்க. கொன்னது மெத்தனால். தானியச் சர்க்கரையை ஈஸ்ட் புளிக்க வச்சு ஆளைக் கொல்ற அளவுக்கு மெத்தனால் வராது. அது தொழிற்சாலைக்கான ரசாயனமா வெளியிலிருந்து கலக்கப்படுவது. நிறத்தையோ வாசனையையோ வச்சு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. இதைத் தெரிஞ்சுக்கறது மதுவை ஆதரிக்கறது இல்ல. எத்தனால் உடம்புக்கும் குடும்பத்துக்கும் செய்யற கெடுதல் அப்படியேதான் இருக்கு. ஆனா எது எப்படிக் கொல்லுதுன்னு தெரியாத ஊர்லதான் கலப்படக்காரன் தைரியமா வியாபாரம் பண்றான்.

கெமிக்கல், பயோடெக், ஃபுட் டெக், இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிற யாருக்கும் இந்தத் துறையில இடம் இருக்கு. மைசூரு சிஎஃப்டிஆர்ஐ, புனே வசந்ததாதா சர்க்கரை நிறுவனம் மாதிரி இடங்களைத் தேடிப் பாருங்க. ப்ராஜெக்ட் தலைப்பு கிடைக்கலன்னு புலம்பறவங்களுக்கு ஒண்ணு: பத்து டப்பா இட்லி மாவு, ரெண்டு வெப்பநிலை, ஒரு பிஎச் மீட்டர், மணிக்கு ஒரு ரீடிங். நம்ம ஊர் மே மாசத்துக்கு உங்க வீட்டு மாவு எத்தனை மணி நேரத்துல 4.5-ஐத் தொடுதுன்னு ஒரு வரைபடம் போடுங்க. அதுக்கு லைசென்ஸ் வேண்டாம், சில்லர் வேண்டாம். ரீடிங் எடுத்து முடிச்ச மாவுல தோசையும் சுடலாம்.